உங்கள் ஊர்ப் பேச்சை எழுதுவது எப்படி: வட்டார வழக்கு பற்றிய சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக்க ஒரு முழு வழிகாட்டி

வட்டார வழக்கைப் பற்றி எழுத உட்காரும் பலர் முதல் வரியிலேயே 'மொழி என் அடையாளம்' என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் நான்கு பக்கம் ஓடும். அந்த நான்கு பக்கத்தில் அவர்களுடைய ஊர்ப் பேச்சு ஒரு வரிகூடக் காதில் விழாது. மண், வேர், பெருமை, இழப்பு எல்லாம் இருக்கும். அம்மா எப்படிப் பேசுவார் என்பது மட்டும் இருக்காது. எழுதியவரின் உணர்வு உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. வாசகரிடம் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அதைச் சரிசெய்வதற்கானது. நெல்லை, கொங்கு, மதுரை, குமரி, சென்னை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எந்தப் பேச்சில் வளர்ந்தவராக இருந்தாலும் பயன்படும். தமிழ்நாட்டில் வாழ்ந்துகொண்டு வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களுக்கும் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன். நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: யாரிடம் பேசும்போது உங்கள் பேச்சு மாறுகிறது என்பதை எழுதுங்கள். அடையாளம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

எழுதும் தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை. 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று அம்மாவிடம் போனில் சொல்லும் தமிழர் எந்த ஊரிலும் இல்லை. ஒரே மொழிக்குள் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவம், வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னொரு வடிவம் என்று இருக்கும் இந்த நிலையை இரட்டை வழக்கு என்பார்கள். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'டைகிளோசியா' என்ற பெயரில் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், 'என் பேச்சு கொச்சை, மற்றவர்களுடையது சுத்தம்' என்ற எண்ணத்தோடு எழுத உட்காருகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் சுத்தம் என்று நினைக்கும் பேச்சும் எழுத்துத் தமிழிலிருந்து விலகியதுதான். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி கேட்டதால் அது பொதுவானதாகத் தோன்றுகிறது. தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் சொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஊர்ப் பேச்சு எழுத்துக்குள் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை இல்லை.

அதே நேரம், 'எங்கள் வழக்குதான் பழைய தமிழ்' என்று நிரூபிக்கக் கிளம்பவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என்று, 'இது'வுக்கும் 'அது'வுக்கும் இடைப்பட்டதைக் காட்டும் உகரச் சுட்டு இன்றும் பேச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது போய்விட்டது. அருமையான செய்திதான். ஆனால் இப்படிப்பட்ட சான்றுகளை அடுக்கத் தொடங்கினால் கட்டுரை வழக்காடு மன்றமாகிவிடும். உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருப்பது அதில் நீங்கள் வாழ்ந்ததால். வயதைச் சொல்லி அந்த மதிப்பை வாங்கித் தர வேண்டியதில்லை.

முதல் படி: பேச்சு மாறிய கணத்தைத் தேடுங்கள்

'என் வட்டார வழக்கு' என்பது கட்டுரைக்கான பொருள் ஆகாது, மிகவும் அகலமானது. ஒரு தாளை எடுத்து, உங்கள் பேச்சு மாறிய இடங்களை மட்டும் எழுதுங்கள். கல்லூரிக்காக ஊர் மாறியபோது. வேலைக்கான நேர்காணலில். வேறு மாவட்டத்தில் திருமணமாகிப் போனபோது. அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தபோது. சொந்தப் பிள்ளை உங்கள் சொல்லைத் திருத்தியபோது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது. 1980களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர்களில் பலர் வெளியே ஒரு பேச்சு, வீட்டுக்குள் ஒரு பேச்சு என்று பழகிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் கூச்சத்தால் வந்த மாற்றமாக இருக்கவில்லை, பாதுகாப்பு பற்றிய கேள்வியாகவும் இருந்தது. உங்கள் கணத்தின் பின்னால் என்ன இருந்தது? வெட்கமா, பயமா, ஆசையா, வெறும் பழக்கமா? பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உடனே கட்டுரையில் எழுத வேண்டாம்.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். பலர் முதல் வரைவில் இப்படி எழுதுவார்கள்:

"விடுதியில் சேர்ந்த பிறகு என் பேச்சு மெல்ல மெல்ல மாறியது. என் வட்டார அடையாளத்தை இழந்துகொண்டிருப்பதை உணர்ந்தேன். அம்மாவும் அதைக் கவனித்தார்."

இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊர்க்காரரும் இதை எழுதிவிடலாம். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"அம்மா போனில் இருந்தாள்.
'சாப்ட்டியாட்டி?'
'சாப்பிட்டேம்மா.'
'கூட ஆரும் இருக்காவளா?'
'இல்லம்மா, தனியாத்தான் இருக்கேன்.'
'பொறவு என்னத்துக்கு இப்படிப் பேசுத?'"

இழப்பு என்றோ அடையாளம் என்றோ இதில் ஒரு சொல் இல்லை. அறையில் வேறு ஆட்கள் இருந்தால் மகள் பேச்சை மாற்றுவாள் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும். அன்று அறையில் யாரும் இல்லை, ஆனாலும் மாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்துவிட்டது என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது இப்படி ஒரு கணத்தை. தாளில் எழுதியவற்றில் எதை நினைத்தால் இன்றும் குரல் அப்படியே காதில் கேட்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய சம்பவம் எது என்று பார்க்க வேண்டாம். குரல் மறந்துபோன பெரிய சம்பவத்தைவிடக் குரல் நினைவிருக்கும் சின்னச் சம்பவம் நன்றாக எழுத வரும்.

உங்கள் பேச்சை மற்றவர்கள் கிண்டல் செய்த சம்பவம்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். எழுதுங்கள். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் யாருடைய பேச்சைக் கிண்டல் செய்தீர்கள்? நகரத்துக்குப் போய்ப் பேச்சை மாற்றிக்கொண்டவர் அடுத்த வருடம் புதிதாக வந்தவரைப் பார்த்துச் சிரிப்பது நடக்கிற விஷயம். அதுவும் உங்கள் மொழி அனுபவத்தின் பகுதிதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் கட்டுரையில் நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இரண்டாம் படி: காதால் சேகரியுங்கள்

நினைவை மட்டும் நம்பி வட்டாரப் பேச்சை எழுத முடியாது. ஊரை விட்டு வெளியே நெடுநாள் இருந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். சொற்கள் நினைவிருக்கும், அவை வாக்கியத்தில் எங்கே வரும் என்பது நழுவிப்போயிருக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். 'இதை நம்ம ஊர்ல என்ன சொல்லுவாங்க?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒற்றைச் சொல் பட்டியல் கிடைக்கும், அதிலும் பாதி அவர்களே பேசாத சொற்களாக இருக்கும். கதை கேளுங்கள். ரெக்கார்டரைக் கண்டதும் மனிதர்கள் நாகரிகமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பது மொழியியலாளர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த சிக்கல். 1960களில் நியூயார்க் நகரப் பேச்சை ஆராய்ந்த வில்லியம் லபோவ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: 'செத்துப் போயிருவோம்னு நெனச்ச சமயம் எதாவது உண்டா?' என்ற பொருளில் கேட்பார். சொல்கிறவர் அந்த நினைவுக்குள் போனதும் தன் பேச்சைக் கவனிப்பதை விட்டுவிடுவார். நீங்களும் அப்படிக் கேட்கலாம். பெரிய மழை, வெள்ளம், கிணற்றில் விழுந்தது, பிரசவம், ஊரை விட்டுக் கிளம்பிய ராத்திரி. பாட்டி அதைச் சொல்லும்போது உண்மையான வாக்கியங்கள் வரும்.

ரெக்கார்டு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எதற்கு என்பதையும் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள்தானே என்று மறைவாகப் பதிவு செய்வது தவறு. கட்டுரை வெளியான பிறகு அது உறவில் விழும் கீறல்.

குறிப்பெடுக்கும்போது சொல்லை மட்டும் எழுதாமல் யார் யாரிடம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். நெல்லைப் பக்கம் 'ஏட்டி' என்று அம்மா மகளைக் கூப்பிடலாம், தோழி தோழியைக் கூப்பிடலாம். அதே சொல்லை வேறொரு ஆண் சொன்னால் சண்டை வரும். வயது, உறவு, கோபம், செல்லம் எல்லாம் சேர்ந்துதான் சொல்லுக்குப் பொருள். இதை விட்டுவிட்டால், பிறகு எழுதும்போது சரியான சொல்லைத் தவறான வாயில் வைத்துவிடுவீர்கள். ஊர்க்காரர் படித்தால் உடனே கண்டுபிடிப்பார்.

அகராதிகளும் உதவும். 1982இல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார அகராதிக்குப் பிறகு கொங்கு, கடலூர்-விழுப்புரம் பக்கத்து நடுநாடு போன்ற வட்டாரங்களுக்கும் தனி அகராதிகள் வந்திருக்கின்றன. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனியாகக் குறித்துக் காட்டுகிறது. இவற்றைப் பாதி மறந்த சொல்லைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். அகராதியில் மட்டும் பார்த்த சொல்லை உங்கள் சித்தப்பா வாயில் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: கதை சொல்லும் குரல் எது?

மூன்று வழிகள் இருக்கின்றன. எழுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போய், உரையாடலை மட்டும் ஊர்ப் பேச்சில் வைப்பது முதலாவது. முழுக்கவே ஊர்ப் பேச்சில் எழுதுவது இரண்டாவது. எழுத்துத் தமிழின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு, ஊர்ச் சொல்லும் பேச்சின் ஓட்டமும் உள்ளே வரவிடுவது மூன்றாவது.

முதல் முறை எழுதுபவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். வாசகருக்கு எளிது, உங்களுக்கும் கட்டுப்பாடு கையில் இருக்கும். ஆனால் அதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'நான்' எழுத்துத் தமிழில் யோசிக்கிறேன், அப்பத்தா ஊர்ப் பேச்சில் பேசுகிறார் என்றால், யோசிப்பவர் ஒருவர், வேடிக்கைக்குரியவர் ஒருவர் என்று ஆகிவிடக்கூடும். அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: கட்டுரையின் மிகத் தெளிவான, மிகக் கூர்மையான கருத்தை ஊர்ப் பேச்சு பேசுகிறவர் வாயால் வரவிடுங்கள். சிரிப்புக்கு மட்டும் அவர் பேசக் கூடாது.

முழுக்க ஊர்ப் பேச்சில் எழுதுவது அழகானது, கடினமானது. அரசியல், சட்டம், உணர்வுகளின் அலசல் போன்றவற்றுக்கு வரும்போது பேச்சுத் தமிழ் தானாகவே எழுத்துத் தமிழ்ச் சொற்களைத் தேடிப் போகும். அதுவும் இயல்புதான், பேசும்போதும் அப்படித்தானே செய்கிறோம். கட்டுரை சின்னதாக இருந்தால் துணிந்து செய்யுங்கள்.

நான்காம் படி: எப்படி எழுத்துக்கூட்டுவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்து, பேச்சின் எல்லா ஓசையையும் காட்டாது. க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லோசையும் மெல்லோசையும் ஒரே எழுத்துத்தான். 'அவன்' என்று எழுதுகிறோம்; பேச்சில் கடைசி னகரம் பெரும்பாலும் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. அதற்கு எழுத்தே இல்லை. எல்லாவற்றையும் காட்ட முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாகி, கதையை விட்டுவிடுவார்.

ஆகவே முதல் விதி: எல்லாத் தமிழரும் பேசும்போது செய்யும் மாற்றத்தைக் காட்ட வேண்டாம். உங்கள் வட்டாரத்துக்கே உரியதை மட்டும் காட்டுங்கள்.

இரண்டாவது விதி முதலாவதைவிட முக்கியம். வட்டாரத்தை அதிகமாகக் காட்டுவது அரிய சொற்களைவிட வினைமுற்றின் வால்தான். 'சொல்கிறேன்' என்பது நெல்லையில் 'சொல்லுதேன்', யாழ்ப்பாணத்தில் 'சொல்லுறன்'. 'வந்தார்கள்' என்பது நெல்லையில் 'வந்தாவ', மதுரையில் 'வந்தாய்ங்க', யாழ்ப்பாணத்தில் 'வந்தவை'. 'வந்துகொண்டு' என்பது பழைய சென்னைப் பேச்சில் 'வந்துகினு'. கொங்கில் 'சரிங்', 'ஏனுங்' என்று வாக்கிய முடிவில் மரியாதை ஒட்டிக்கொள்ளும். இந்த வால்களைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்ற சொற்கள் சாதாரணமாக இருந்தாலும் ஊர் கேட்கும். வாலை விட்டுவிட்டுக் கடினமான ஊர்ச் சொற்களை மட்டும் தூவினால், வெளியூர்க்காரர் நடிப்பது போல இருக்கும்.

அப்புறம் விளிச்சொற்களும் உறவுச்சொற்களும். அப்பத்தா, அம்மாச்சி, அம்மாயி, அப்புச்சி, ஆச்சி, பாட்டி, வாப்பா, உம்மா, ராத்தா: ஒவ்வொன்றும் ஊரையும் வீட்டையும் கூடவே கொண்டுவந்துவிடும். இவற்றை எக்காரணம் கொண்டும் பொதுச் சொல்லாக மாற்றாதீர்கள். 'அம்மாச்சி' என்று கூப்பிட்டவரைக் கட்டுரையில் 'பாட்டி' ஆக்கினால் அவரே மாறிப்போவார்.

இப்போது ழகரம். பலர் ஊர்ப் பேச்சு என்றதும் 'பளம்', 'கோளி' என்று எழுதத் தொடங்குவார்கள். தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பது உண்மை, வடக்கே சில இடங்களில் யகரமாவதும் உண்மை. ஆனால் ழகரத்தை ஒவ்வொரு முறையும் சரியாக ஒலிக்கும் தமிழர்கள் குறைவு. மேடையில் பேசும் ஆளின் 'பலம்' என்ற ஒலிப்பைப் 'பழம்' என்று திருத்தி எழுதிவிட்டு, வயலில் வேலை செய்யும் ஆளின் ஒலிப்பை மட்டும் 'பளம்' என்று எழுதினால் நீங்கள் ஓசையைப் பதிவு செய்யவில்லை. யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று முத்திரை குத்துகிறீர்கள். சம்பவமே ழகரத்தைச் சுற்றித்தான் என்றால் மட்டும் அதைக் காட்டுங்கள். மற்ற இடங்களில் ழ என்றே எழுதுங்கள், ஊர்க்காரர் தன் ஒலிப்பில் படித்துக்கொள்வார்.

இதையே கட்டுரை முழுமைக்கும் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உரையாடல்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஆசிரியர், மேலாளர், டாக்டர் எல்லாரும் இலக்கணமாகப் பேசுகிறார்கள், சமையல்காரரும் டிரைவரும் மட்டும் உடைந்த தமிழில் பேசுகிறார்கள் என்றால் நிறுத்துங்கள். அந்த டாக்டரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அவருடைய பேச்சையும் கேட்ட மாதிரியே எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு சின்னப் பட்டியல் தயார் செய்துகொள்ளுங்கள். 'பிறகு' என்பதைப் 'பொறவு' என்று எழுதுவதா 'பெறவு' என்று எழுதுவதா? முடிவு செய்து பட்டியலில் குறித்துவிட்டால் கடைசிவரை அதுதான். ஒரே ஆள் ஒரே மாதிரிப் பேச வேண்டும். அவருடைய எழுத்துக்கூட்டு நடுவில் மாறினால், அதற்கு ஒரு காரணம் கதைக்குள் இருக்க வேண்டும்.

சினிமாவின் குரலிலிருந்து விலகுவது

இது படியில் சேராது, ஆனால் சொல்லியாக வேண்டும். பல வட்டார வழக்குகளுக்குத் தமிழ் சினிமா ஏற்கனவே ஒரு வேலையைக் கொடுத்துவைத்திருக்கிறது. மதுரைப் பேச்சு என்றால் அரிவாள். கொங்குப் பேச்சு என்றால் நக்கல். சென்னைக் குடிசைப்பகுதிப் பேச்சு என்றால் ரவுடி. யாழ்ப்பாணப் பேச்சு நெடுங்காலம் நகைச்சுவைக்கு. நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும், வெளியூர் வாசகர் அந்த வரிகளைச் சினிமாக் குரலில்தான் முதலில் கேட்பார்.

இதை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, சினிமா தேய்த்துவைத்த அடையாளச் சொற்களைக் குறைப்பது. வரிக்கு வரி 'ஏலே' வேண்டாம். நிஜத்தில் யாரும் அவ்வளவு சொல்வதும் இல்லை. அதற்குப் பதிலாக அந்தப் பேச்சு அமைதியாக இருக்கும் நேரங்களை எழுதுங்கள். மதுரைக்காரர் ஆஸ்பத்திரி வராண்டாவில் மெல்லப் பேசுவது, கொங்குக்காரர் கோபத்தில் மரியாதை விகுதியை விடாமலே திட்டுவது, சென்னைப் பேச்சில் ஒரு அப்பா குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. சினிமா காட்டாத நேரத்தில் கேட்கும்போது அந்தப் பேச்சு மறுபடி மனிதர்களுடையதாகிறது.

ஐந்தாம் படி: வெளியூர்க்காரருக்குப் புரியவைப்பது

அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதாதீர்கள். ஒவ்வொரு அடைப்புக்குறியும் வாசகரைக் கதையிலிருந்து வெளியே இழுத்து, பாடம் நடத்தி, திரும்ப உள்ளே அனுப்புகிறது. அடுத்த வரியில் நடக்கும் செயலால் பொருளைச் சொல்லுங்கள். "'பைய வா மக்கா' என்றார். நான் ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன்." குமரியில் 'பைய' என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. எதிரில் பேசுகிறவரின் பதிலாலும் விளக்கலாம், அவரே புரியாமல் திருப்பிக் கேட்பதாலும் விளக்கலாம்.

ஒரு சொல் புரியாமல் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடும் துணிச்சலும் வேண்டும். வாக்கியத்தின் உணர்வு புரிந்தால் போதும். கதையின் திருப்பமே ஒரு சொல்லில் இருந்தால் மட்டும் அதைத் தெளிவாக்குங்கள்.

ஆறாம் படி: சாதி, வர்க்கம், வீட்டு ரகசியம்

தமிழில் வட்டார வழக்கு பற்றி எழுதும்போது சாதியைத் தாண்டிப் போக முடியாது. ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தெருவில், உறவுச்சொல்லும் வினைமுற்றும் மாறும். வேலை கேட்டோ வீடு கேட்டோ போன இடத்தில் நாலு வார்த்தை பேசவைத்து 'நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்பவர் பல நேரம் ஊரை மட்டும் கேட்கவில்லை. உங்கள் அனுபவத்தில் இது இருந்தால் 'கிராமத்துப் பேச்சைக் கேலி செய்தார்கள்' என்று மழுப்ப வேண்டாம். என்ன கேட்டார்கள், எந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறியது, நீங்கள் அடுத்து என்ன பேசினீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

பேச்சால் உங்களுக்குச் சலுகை கிடைத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். பலருக்கு அது நினைவுக்கே வராது, ஏனென்றால் கதவு திறந்தே இருந்திருக்கும்.

குடும்பத்தாரைப் பாதுகாப்பது தனி வேலை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறோம். வட்டாரக் கட்டுரையில் அது போதாது. ஒரு உறவுச்சொல், ஒரு வினைமுற்று, ஒரு தொழிற்சொல் மூன்றும் சேர்ந்தால் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்குள் நடந்த சண்டையையோ நோயையோ எழுதுவதாக இருந்தால், வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக்காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் கட்டாயமாக. தன் பேச்சு அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு.

வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களுக்கு

சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது, படுகு, இருளம், மலையாளம் என்று வீட்டில் ஒரு மொழியும் வெளியே தமிழுமாக வளர்ந்தவர்கள் ஏராளம். இவர்களுடைய கட்டுரையில் கேள்வி இன்னொரு விதமாக வரும்: தாய்மொழி எது என்று கேட்டால் என்ன எழுதுவது? அரசின் கணக்கே இதில் தடுமாறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக்கி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுபவற்றைக் கடைசியில் 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பில் படுகு கன்னடத்தின் கீழே வருகிறது, சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழே வருகிறது, இருளம் தமிழின் கீழே வருகிறது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், அந்தக் கட்டத்தையும் நீங்கள் வீட்டில் பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அது வலுவான தொடக்கமாக அமையும்.

எழுத்துக்கூட்டில் உங்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. சௌராஷ்டிரத்திலும் உருதுவிலும் க, த போன்றவற்றோடு மூச்சும் சேர்ந்து வரும் மூச்சொலிகள் உண்டு, அவற்றைத் தமிழ் எழுத்து காட்டாது. சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுபவர்கள் எழுத்துக்கு மேலே சின்ன எண்களை இட்டு இதைச் சமாளிக்கிறார்கள். கட்டுரைக்கு அவ்வளவு துல்லியம் தேவைப்படாது. மிக அருகில் இருக்கும் தமிழ் எழுத்தைப் போடுங்கள். அந்த ஒலி உங்களுக்கு முக்கியமானால், அம்மாவின் வாயில் அது எப்படிக் கேட்கும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். இந்த வீடுகளில் பேசப்படும் தமிழுக்கும் தனி நிறம் உண்டு. வீட்டு மொழியை மட்டும் எழுதிவிட்டு அதை மறந்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: திருத்துவது

வரைவு முடிந்ததும் சில நாள் விட்டுவிட்டு, உரக்கப் படியுங்கள். கண்ணால் படித்தால் பிழை தெரியாது. வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியம் உங்களுடையதாக இல்லை என்று பொருள்.

பிறகு இரண்டு பேருக்குப் படித்துக்காட்டுங்கள். ஒருவர் உங்கள் ஊர்க்காரர், முடிந்தால் உங்களைவிட மூத்தவர், ஊரிலேயே இருப்பவர். 'இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க' என்று அவர் சொன்னால் வாதாடாமல் மாற்றுங்கள். இன்னொருவர் வேறு வட்டாரக்காரர். எங்கே புரியவில்லை என்று அவரிடம் கேட்காதீர்கள், கௌரவத்துக்காகப் புரிந்தது என்று சொல்லிவிடுவார். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்ட இடம்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டியது.

அடுத்து, வேர், மண்வாசனை, அடையாளம், பண்பாடு, இழப்பு போன்ற சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கியம் மேம்படும். நீக்கியதும் பத்தியே காலியாகிவிட்டால், அந்தப் பத்தியில் காட்சி எழுதப்படவில்லை. முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

எட்டாம் படி: அச்சுக்குப் போகும்போது

நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வினைமுற்றுகளைப் பிழைதிருத்துபவர் ஒரே மாலையில் 'சரி' செய்துவிடக்கூடும். 'சொல்லுதேன்' என்பது 'சொல்கிறேன்' ஆகும், 'வந்தவை' என்பது 'வந்தார்கள்' ஆகும். அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். அதனால் கட்டுரையோடு அந்த எழுத்துக்கூட்டுப் பட்டியலையும் அனுப்புங்கள். உரையாடலில் உள்ள வட்டார வடிவங்கள் வேண்டுமென்றே எழுதப்பட்டவை என்று மேலே ஒரு வரி போடுங்கள். போனிலோ கணினியிலோ தட்டச்சு செய்தால் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள், குரல்வழித் தட்டச்சு ஊர்ப் பேச்சைப் பொதுத் தமிழாக்கிவிடுகிறதா என்று பாருங்கள்.

அச்சாகும் முன் சரிபார்க்கத் தரும் மெய்ப்பு வந்ததும் விவரிப்புப் பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உரையாடல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் திரும்ப மாற்றிக் கேளுங்கள். ஏன் என்று ஆசிரியர் கேட்டால், அப்படித்தான் அம்மா சொன்னார் என்பதே போதுமான பதில்.